பதினைந்து வயதில் ஒரு கண்டம்

"சின்னப்பசங்க பாக்குற பொம்மப்படத்துல அப்பிடி என்ன தோழர் இருக்கு?" என்று கேட்டார் நண்பர். வெகுசனக் கலாச்சாரத்தை வாசிக்காமல் அதிகாரத்தை வாசிக்க முடியாது என்று மேடைதோறும் சொல்லிவந்தவர்தான் அவர். ரோபோ என்றதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு டீக்கடையில் அரைகுறையாகச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். 43 பகுதிகள் கொண்ட தொடரில் முதல் 13 பகுதிகளைத்தான் பார்த்திருக்கிறேன். அதுவும் ஜப்பானிய மொழி தெரியாமல், சப்டைட்டிலை நம்பி. ஆகவே இது தீர்ப்பு அல்ல, முதல் வாசிப்பின் பதிவுகள். மீதியைப் பார்த்தபிறகு இதில் பாதியை நானே மறுக்க நேரலாம்.

தொடரின் பெயர் 'மொபைல் சூட் கண்டம்'. ஆங்கில எழுத்தைப் பார்த்து நம்மாட்கள் 'குண்டம்' என்கிறார்கள். ஜப்பானியர் வாயில் அது 'கண்டாமு'. தமிழில் கண்டம் என்றுதான் எழுத வேண்டும். எழுதிப் பார்த்ததும் ஜாதகம் பார்க்கிறவரின் குரல் காதில் விழுந்தது: பையனுக்குப் பதினஞ்சு வயசுல ஒரு கண்டம் இருக்கு. கதையில் வரும் அமுரோ ரே என்கிற பையனுக்கும் வயது பதினைந்துதான். தற்செயல், வேறொன்றுமில்லை. ஆனாலும் இந்தப் பெயரை விட மனம் வரவில்லை.

1979 ஏப்ரல் 7, சனிக்கிழமை மாலை, நகோயா தொலைக்காட்சி வழியே முதல் பகுதி ஒளிபரப்பானது. இயக்குநர் தொமினோ யொஷியுகி, 1941-இல் பிறந்தவர். போர் முடியும்போது நாலு வயதுகூட நிறையாத குழந்தை. பாத்திரங்களை வரைந்தவர் யாசுஹிகோ யொஷிகாசு, 1947-இல் பிறந்தவர். ஹிரோசாகி பல்கலைக்கழகத்தில் மாணவர் போராட்டத்தில் இறங்கி, கைதாகி, படிப்பை முடிக்க முடியாமல் வெளியேற்றப்பட்டவர். தயாரித்தது நிப்பான் சன்ரைஸ். காசு போட்டது குளோவர் என்கிற பொம்மைக் கம்பெனி. தோற்ற போரின் சாம்பலில் வளர்ந்த ஒருவர், தெருவில் இறங்கித் தோற்ற இன்னொருவர், அவர்கள் தலைக்கு மேலே பொம்மை விற்றாக வேண்டிய முதலாளி. இந்தப் பிரதிக்குள் கேட்கிற குரல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இருப்பதில் ஆச்சரியமில்லை.

*

ராட்சத ரோபோ என்பது ஜப்பானில் ஒரு கதைவகை. யோகோயாமா மித்சுதெரு 1956-இல் தொடங்கிய 'தெட்சுஜின் 28' காமிக்ஸ் 1963-இல் அனிமே ஆனது. போர்க்காலத்தில் ஜப்பானிய ராணுவம் ரகசியமாகத் திட்டமிட்ட ஆயுதம் அது என்பது கதை. போர் முடிந்தபிறகு அதன் ரிமோட் ஒரு சிறுவன் கைக்கு வருகிறது. ரிமோட்டை எவன் பிடுங்கிக்கொண்டாலும் அவனுக்கு அது வேலை செய்யும். நல்லவன் கெட்டவன் என்கிற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. 1972-இல் நாகாய் கோவின் 'மாஜிங்கர் ஸி' வந்தது. அதில் பையன் சின்னதொரு பறக்கும் வண்டியில் வந்து ரோபோவின் தலையில் பொருந்தி உட்காருகிறான். தாத்தா செய்து கொடுத்துவிட்டுச் செத்துப்போன எந்திரம். இதை வைத்து நீ கடவுளும் ஆகலாம், பிசாசும் ஆகலாம் என்பது தாத்தா சொல்லிவிட்டுப் போனது. கண்டத்தில் பையன் உட்காருகிற இடம் வயிறு.

கை, தலை, வயிறு. இதை வைத்து ஒரு பெரிய கோட்பாட்டைக் கட்டி எழுப்பிவிடலாம் போலத் தோன்றும். நான் அதற்குப் போகவில்லை. ரிமோட்டை அலுத்துப்போனால் கீழே வைத்துவிடலாம். தலையில் உட்கார்ந்தவனுக்கு நாம்தான் மூளை என்கிற கௌரவமாவது மிச்சம். வயிற்றுக்குள் போனவனை என்னவென்று சொல்வது? தின்னப்பட்டவன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொரு வித்தியாசம் சொத்து பற்றியது. மாஜிங்கர் குடும்பச் சொத்து, தாத்தா வழி வந்தது. கண்டம் அரசாங்கச் சொத்து. ராணுவத்தின் ஆவணங்களில் எண்ணோடு பதிவான, 18 மீட்டர் உயரமுள்ள தளவாடம். எதிரி ஓட்டுகிற ஸாக்கு என்கிற எந்திரம் ஆலையில் வரிசையாக வார்த்து அனுப்பப்படுவது. ஒன்று போனால் இன்னொன்று வரும். வாரம் ஒரு அரக்கன் வந்து அடிவாங்கிக்கொண்டு போகிற பழைய வாய்ப்பாடு இங்கே இல்லை. வருகிறவன் சம்பளத்துக்கு வருகிறவன், பெயர் உள்ளவன், பதவி உயர்வுக்கு ஏங்குகிறவன். முதல் பகுதியில் சண்டையே அப்படித்தான் ஆரம்பிக்கிறது. வேவு பார்க்க மட்டும் அனுப்பப்பட்ட மூன்று பேரில் ஜீன் என்கிற ஒருவன், பேர் வாங்க வேண்டும் என்கிற அவசரத்தில் உத்தரவை மீறிச் சுடுகிறான். அந்தக் காலனியின் அழிவுக்குக் காரணம் தத்துவமோ லட்சியமோ அல்ல, ஒரு கீழ்நிலைச் சிப்பாயின் புரமோஷன் ஆசை. இந்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

*

மனிதகுலம் தன் உபரி மக்கள்தொகையை விண்வெளிக்கு அனுப்பத் தொடங்கி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது என்று தொடக்கக் குரல் சொல்கிறது. உபரி. அந்தச் சொல்லில் நின்றுவிட்டேன். யார் உபரி? யார் கணக்கெடுத்தது? குரல் நிற்பதில்லை, மேலே போய்விடுகிறது. பூமியைச் சுற்றி மிதக்கும் காலனிகளில் ஜனங்கள் பிறந்தார்கள், பிள்ளை பெற்றார்கள், செத்தார்கள். அண்ட நூற்றாண்டு 0079-இல், பூமிக்கு ஆகத் தொலைவில் இருந்த சைடு 3 காலனி தன்னை ஜியோன் சிற்றரசு என்று அறிவித்துக்கொண்டு பூமிக் கூட்டாட்சிக்கு எதிராக விடுதலைப் போர் தொடுக்கிறது. ஒரு மாதத்துக்குச் சற்று மேலான சண்டையில் இரு தரப்புமாகச் சேர்ந்து மனித இனத்தில் பாதியைக் கொன்றுவிடுகிறார்கள். தாங்கள் செய்த காரியத்தைப் பார்த்து ஜனங்கள் நடுங்கிப்போனார்கள் என்கிறது குரல். பிறகு எட்டு மாதம் இழுபறி. சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போட்ட தொடரின் முதல் நிமிடம் இது.

பிறகு அமுரோ. உள்ளாடையோடு அறையில் உட்கார்ந்து ஏதோ கருவியைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். சாப்பாடு தொடவில்லை. அபாயச் சங்கு ஊதுகிறது, அதுவும் காதில் ஏறவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஃபிராவ் போ வந்து, சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பு என்று கத்த வேண்டியிருக்கிறது. அவன் அப்பா ராணுவத்துக்கு ஆயுதம் செய்கிற பொறியாளர். குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது அப்பா கண்டத்தின் பாகங்களைக் கப்பலில் ஏற்றுவதில் மும்முரமாக இருக்கிறார். மனுஷங்களைவிட உங்களுக்கு மெஷின்தான் பெரிசா என்று கேட்கிறான் பையன். அப்பாவிடம் பதில் இல்லை, உத்தரவுதான் இருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் ஃபிராவ் போவின் அம்மாவும் தாத்தாவும் அவள் கண் முன்னே குண்டில் சிதறிப்போகிறார்கள். அமுரோ அவளை ஓடச் சொல்லிவிட்டு எந்திரத்துக்குள் ஏறுகிறான். கையில் ஒரு கையேடு. செத்துப்போன சிப்பாய்களுக்குப் பக்கத்தில் சிதறிக் கிடந்ததிலிருந்து எடுத்தது. சுட்டுக்கொண்டிருக்கும்போதே பக்கத்தைப் புரட்டிப் புரட்டி, எந்தப் பொத்தான் எதற்கு என்று பார்த்துப் பார்த்து அந்த ராட்சதத்தை எழுப்பி நிற்க வைக்கிறான்.

அல்தூசரின் போலீஸ்காரன் தெருவில் 'ஏய்' என்று கூப்பிட, திரும்பிப் பார்த்த கணத்தில் ஒருவன் தன்னிலையாகிறான் என்று படித்திருக்கிறோம். இங்கே கூப்பிடுவதற்கு ஆள் இல்லை. தரையில் ஒரு புத்தகம் கிடக்கிறது, அவ்வளவுதான். தேசபக்திப் பாட்டு இல்லை, கொடி இல்லை, ஆள்சேர்ப்பு அதிகாரி இல்லை. அதிகாரத்தின் விளி ஒரு தொழில்நுட்பக் கையேட்டின் ஏவல் வினைகளில் வந்து இறங்குகிறது: இதை அழுத்து, அதை இழு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சு ராணுவப் பயிற்சி விதிகளைப் பற்றி ஃபூக்கோ 1975-இல் எழுதியிருக்கிறார். துப்பாக்கியின் எந்தப் பகுதியை எந்தக் கை எந்தக் கணத்தில் தொட வேண்டும் என்று எழுதிவைத்து, உடலையும் ஆயுதத்தையும் ஒரே எந்திரமாகத் தைத்துவிடுகிற காரியம் அது. அங்கே அதற்கு மைதானம் வேண்டியிருந்தது, உருட்டுக்கட்டையோடு ஒரு சார்ஜண்ட் வேண்டியிருந்தது, மாதக்கணக்கில் காலம் வேண்டியிருந்தது. அமுரோவுக்குப் பத்து நிமிடம் போதுமாக இருக்கிறது. படிப்பில் கெட்டிக்காரப் பையன் இல்லையா!

முதல் ஸாக்குவை அவன் வெட்டுகிறான். அதன் உள்ளே இருக்கும் அணு உலை வெடித்துக் காலனியின் சுவரில் ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டை வழியே அவன் அப்பா விண்வெளிக்கு உறிஞ்சி இழுக்கப்படுகிறார். பையனுக்கு அது தெரியாது. (ஃபிராய்டியர்கள் தாவி வருவார்கள். கொஞ்சம் பொறுங்கள், எனக்கு முக்கியமானது அடுத்த வெட்டு.) இன்னொரு ஸாக்கு வருகிறது. இதையும் வெடிக்கவிட்டால் காலனி தாங்காது. அப்படியானால் எந்திரத்தைச் சேதப்படுத்தாமல், ஓட்டுகிறவன் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மட்டும் குத்த வேண்டும். குத்துகிறான். எந்திரம் முழுசாக நிற்கிறது, உள்ளே இருந்த மனிதன் இல்லாமல் போகிறான்.

மனுஷனைவிட மெஷின் பெரிசா என்று அப்பனைக் கேட்ட அதே பையன், அரை மணி நேரத்துக்குள், மெஷின் வெடிக்காமல் இருக்க மனுஷனைத் துல்லியமாகக் குத்துவது எப்படி என்று கற்றுக்கொண்டுவிட்டான். கெட்ட எண்ணத்தில் அல்ல, நல்லெண்ணத்தில். ஜனங்களைக் காப்பாற்ற. மற்ற 12 பகுதிகளிலும் நான் பார்த்தது இந்த ஒரு காட்சியின் விரிவைத்தான். ஒரு அகதிச் சிறுவனைச் சிப்பாயாக்க வில்லன் யாரும் தேவைப்படவில்லை. சுற்றியிருக்கிற நல்லவர்களே போதும்.

*

காலனி போன பிறகு மிஞ்சிய ஜனங்கள் ஒயிட் பேஸ் என்கிற போர்க்கப்பலில் ஏறுகிறார்கள். கப்பல் தலைவர் படுகாயப்பட்டுக் கிடக்கிறார். பத்தொன்பது வயது பிரைட் நோவா கப்பலை நடத்துகிறான். சமையற்கட்டுக்கும் பீரங்கிக்கும் ஆள் இல்லாததால் அகதிகளே எல்லா வேலையும். மூன்றாம் பகுதியில் எதிரியின் சரக்குக் கப்பலைத் தாக்கலாமா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடக்கிறது. கை தூக்குகிறார்கள். பின்னால் ஷார் என்கிற சிவப்பு உடைக்காரன் துரத்திவர, ஓட இடமில்லாத நிலையில் நடக்கும் ஜனநாயகம். வாக்கெடுப்புக்கு முன்னாலேயே முடிவு எடுக்கப்பட்டுவிட்ட கூட்டங்கள் நமக்குப் புதிதா என்ன? நான்காம் பகுதியில் லூனா 2 என்கிற சொந்தத் தளத்தில் போய் ஒதுங்கினால், அங்கே தளபதி இவர்களைப் பிடித்து உள்ளே போடுகிறார். குற்றம்: அனுமதியின்றி ராணுவ ரகசிய ஆயுதத்தைக் கையாண்டது. உயிர் பிழைத்ததற்கு ஒரு சட்டப்பிரிவு இருக்கிறது!

டெல்யூஸும் கத்தாரியும் சொல்கிற, அரசுக்கு வெளியே அலைகிற போர் எந்திரம் இதுதான் என்று எழுத எனக்கும் கை துறுதுறுத்தது. எழுதியிருந்தால் பொய்யாகியிருக்கும். கூட்டாட்சி ராணுவம் இவர்களை முழுசாக ஏற்பதுமில்லை, கைவிடுவதுமில்லை. ஒன்பதாம் பகுதியில் மட்டில்டா என்கிற அதிகாரி சரக்கு விமானத்தில் வெடிமருந்தும் உதிரிபாகமும் கொண்டுவந்து இறக்கிவிட்டு, நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறாள். பையன் முகம் மலர்கிறது. அந்த மலர்ச்சியில் சங்கிலி இன்னொரு கண்ணி இறுகுகிறது. நாடோடித்தனம் எல்லாம் நம் ஆசை. அவர்கள் கைக்கு வருவது சரக்குப் பட்டியல்.

அதே ஒன்பதாம் பகுதியில்தான் அந்த அறை. ஜப்பானில் இந்தக் காட்சி பழமொழி மாதிரி ஆகிவிட்டது. அமுரோவுக்குத் தூக்கம் போய்விட்டது. இனிமேல் ஏற மாட்டேன் என்கிறான். பிரைட் அவனை ஓங்கி அறைகிறான். இரண்டாவது அறையும் விழ, எங்கப்பாகூட என்னை அடிச்சதில்லையே என்று பையன் குமுறுகிறான். அடி வாங்காமல் ஆளானவன் எவன் இருக்கிறான் என்பது பிரைட்டின் வாதம். இதற்கு முன்பே இரண்டாம் பகுதியில், ஜனங்களுக்கு உதவாமல் திரிந்த கய் என்கிறவனைச் செய்லா அறைகிறாள், நீயெல்லாம் ஆம்பளையா என்கிற தொனியில். அறை இந்தக் கப்பலின் பொதுமொழி.

ஏகாதிபத்திய ஜப்பானின் ராணுவத்தில் மேலதிகாரி கீழுள்ளவனைக் கன்னத்தில் அறைவது அன்றாடப் பழக்கம். 'பின்தா' என்று அதற்குப் பெயரே உண்டு. போர் தோற்றது, ராணுவம் கலைக்கப்பட்டது. 1947-இன் பள்ளிக் கல்விச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு மாணவரை அடிப்பதைத் தடை செய்தது. ஆனால் சட்டம் ஒரு பக்கம் இருக்க, அறை வகுப்பறையிலும் விளையாட்டு மைதானத்திலும் தொடர்ந்தது. 1979-இல் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பலருக்கு அந்தக் கன்னம் தங்களுடைய கன்னமாகவே இருந்திருக்கும். தொடர் இங்கே எந்தப் பக்கம் நிற்கிறது என்று என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. பிரைட்டின் முகத்தில் குற்றவுணர்வை வரைந்திருக்கிறார் யாசுஹிகோ. அறைந்தவனும் பத்தொன்பது வயதுப் பையன், பயந்தவன் என்று தெரிகிறது. அதேசமயம் அறை பலன் தருகிறது, பையன் சண்டைக்குப் போகிறான். பலன் தருகிற வன்முறையை எவ்வளவு வருத்தத்தோடு காட்டினாலும் அது வன்முறைக்குக் கிடைத்த சான்றிதழ்தானே என்கிற கேள்வி எனக்கு இருக்கிறது.

உண்மையில் அறையால் மட்டும் அவன் போகவில்லை. ஃபிராவ் போ வந்து, அப்படியானால் நான் ஏறுகிறேன் என்கிறாள். அப்போதுதான் அவன் எழுந்திருக்கிறான், கசப்பாக இருந்தாலும் நான் ஆம்பளையாகத்தானே இருக்கிறேன் என்பதுபோல ஒன்றைச் சொல்லிக்கொண்டு. அறையால் முடியாததை வெட்கம் முடிக்கிறது. பெண் இங்கே ஆணைப் போருக்கு அனுப்பிவைக்கிற கருவி. பிறகு அவள் சமையலுக்கும் மூன்று அனாதைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் திரும்பிவிடுகிறாள். கப்பலின் சுக்கானைப் பிடித்திருப்பவள் மிராய் என்கிற பெண்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்காக இந்தக் காட்சியை மன்னிக்க எனக்கு முடியவில்லை.

*

எட்டாம் பகுதியைத் தனியே குறிப்பிட வேண்டும். கப்பலில் இருக்கும் முதியவர்களையும் குழந்தைகளையும் இறக்கிவிடச் சற்று நேரம் சண்டையை நிறுத்துங்கள் என்று ஒயிட் பேஸ் கேட்கிறது. எதிரி ஒப்புக்கொள்கிறான். அந்த இடைவேளையையே தாக்குதலுக்கு மறைப்பாக ஒயிட் பேஸ் பயன்படுத்திக்கொள்கிறது. இந்தச் சூதாட்டத்துக்கு நடுவில் ஒரு தாயும் சின்ன மகனும் நடந்து போகிறார்கள், செயின்ட் ஆஞ்சே என்கிற தங்கள் ஊரைத் தேடி. மேலே பறக்கிற ஜியோன் வேவு விமானத்தில் இரண்டு சிப்பாய்கள். அவர்களுக்கு மனம் கேட்கவில்லை, தாய்க்கும் பிள்ளைக்கும் சாமான்களைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். கடைசியில் தாய் கேட்கிறாள், செயின்ட் ஆஞ்சே எங்கே என்று. நீங்கள் நிற்கிற இடம்தான் அது என்கிறான் சிப்பாய். சுற்றிலும் பொட்டல். ரோபோ இந்தக் காட்சியில் இல்லை, பொம்மைக் கம்பெனிக்கு இதில் விற்க ஒன்றுமில்லை. இந்தப் 13 பகுதிகளில் எனக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

*

இனி என் மனத்தாங்கல். பன்னிரண்டாம் பகுதியில் ஒரு சாவுச் சடங்கு வருகிறது. ஜியோனை ஆளும் ஸாபி குடும்பத்தின் இளைய மகன் கார்மா சண்டையில் செத்துப்போகிறான். உண்மையில் அவனை மாட்டிவிட்டுக் கொன்றது அவன் நண்பனாக நடித்த ஷார். கிழத் தகப்பனுக்குக் குடும்பத்தோடு அமைதியாக அடக்கம் செய்தால் போதும் என்கிற எண்ணம். மூத்தவன் கிரென் விடுவதாக இல்லை. பிணத்தை நாட்டுக்குரியதாக்கி, பிரம்மாண்டமான படத்தை வைத்து, நிரம்பி வழியும் கூட்டத்துக்கு முன்னால் மேடையேறுகிறான். பேச்சு எல்லா இடத்துக்கும் ஒளிபரப்பாகிறது. கார்மா ஏன் செத்தான் என்று கேட்கிறான். எங்கோ ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து அதைப் பார்க்கிற ஷார், பெரிய வீட்டுச் செல்லப்பிள்ளையாக இருந்ததால்தான் என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறான். கூட்டத்துக்கு அந்தக் குரல் கேட்காது.

சாவு எப்படி மூலதனமாகிறது என்பதை இவ்வளவு துல்லியமாக, குழந்தைகள் தொடரில், கால்மணி நேரத்துக்குள் காட்டிவிட்டார்கள். அஞ்சலிக் கூட்டம் நடத்தியவர்கள், சுவரொட்டிக்குப் படம் தேடியவர்கள், செத்தவனுக்குப் பிடிக்காத வார்த்தைகளை அவன் பெயரால் பேசியவர்கள் நம்மில் எத்தனை பேர்! எனக்குக் கூச்சமாக இருந்தது. தகப்பனின் தனித்த துக்கத்துக்கு மேடையில் இடமில்லை என்பதை நானும் ஒருமுறை நின்று பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன்.

ஆனால் கிரென் பேசுவதைக் கவனித்துக் கேளுங்கள். பூமியில் இருக்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய மேட்டுக்குடிகள் ஐம்பது வருஷமாக விண்வெளியை ஆள்கிறார்கள், விடுதலை கேட்ட காலனி மக்கள் ஒவ்வொரு முறையும் மிதிக்கப்பட்டார்கள் என்கிறான். இது பொய்யா? தொடக்கக் குரல் சொன்ன அந்த 'உபரி' ஜனங்கள் இவர்கள்தானே? முதல் 13 பகுதிகளில் காலனிக்காரர்களின் நியாயம் உரக்க, அரசியல் மொழியில் பேசப்படுவது பாசிஸ்டின் வாயால் மட்டுமே. சீருடை, வணக்கமுறை, கோஷம் எல்லாம் நாஜிகளை அப்பட்டமாக நினைவூட்டும்படி வரையப்பட்டிருக்கின்றன. அந்தக் கோஷத்தைக் கேட்டதும் நாம் செய்யக்கூடியது, அமுரோ செய்வதுபோல, இதுதான் எதிரி என்று தீர்த்துக்கொள்வது மட்டும்தான். சைடு 3-இன் சாதாரணத் தொழிலாளி, ஸாபி குடும்பத்தைப் பிடிக்காத விடுதலைக்காரன், அதற்காகச் சிறையில் கிடக்கிறவன், இவர்களில் ஒருவரைக்கூட நான் இதுவரை பார்க்கவில்லை. கூட்டாட்சி அரசு காலனிகளை எப்படி ஆண்டது என்பதற்கும் ஒரு காட்சி இல்லை. கூட்டாட்சி ஊழல் பிடித்தது, மந்தமானது என்று காட்டுகிறார்கள், சரி. ஆனால் மந்தமான ஆண்டை வேறு, கொள்ளையடித்த ஆண்டை வேறு.

இதற்கு ஒரு வரலாற்றுப் பின்புலம் இருக்கலாம் என்பது என் ஊகம். 1968, 69-இல் ஜப்பானியப் பல்கலைக்கழகங்கள் கொந்தளித்தன. 1971-72 குளிர்காலத்தில் ஐக்கியச் செம்படை என்கிற சிறு குழு மலை முகாம்களில் சுயவிமர்சனம் என்கிற பெயரால் தன் தோழர்கள் 12 பேரைச் சாகடித்தது. 1972 பிப்ரவரியில் அசாமா மலைப் பங்களா முற்றுகையை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதற்கு ஏழு வருடம் கழித்து, மாணவர் இயக்கத்திலிருந்து வந்த ஒருவர் வரைந்த தொடரில் விடுதலை என்கிற சொல் கிரெனின் வாயில் இருக்கிறது. அந்தத் தலைமுறைக்கு அந்தச் சொல்லின் மேல் விழுந்த கசப்பை நான் மதிக்கிறேன். ஆனால் கசப்பு வேறு, பகுப்பாய்வு வேறு. நியாயம் எந்தக் கட்டத்தில், யாருடைய கையில், எந்தச் சவப்பெட்டியின் மேல் ஏறி நின்று பாசிசமாகிறது என்பதைக் காட்டாமல், ஆகிவிட்ட பாசிசத்தை மட்டும் காட்டினால் கூட்டாட்சிக்காரன் தப்பித்துக்கொள்கிறான்.

*

பொம்மை பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. போர்க்கருவி என்று சொல்லிவிட்டு ஏன் சிவப்பும் நீலமும் மஞ்சளும் பூசியிருக்கிறது? கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதால். வயிற்றுக்குள் இருக்கும் விமானம் பிரிந்து பறக்கிறதே, அதுவும் விற்பனைக்கு ஏற்ற பிரி-சேர் விளையாட்டுதான். அப்படியும் குளோவர் கம்பெனி எதிர்பார்த்தபடி பொம்மை விற்கவில்லை. 52 பகுதிகள் என்று திட்டமிட்ட தொடர் 1980 ஜனவரி 26-இல் 43-ஓடு முடிக்கப்பட்டது. பிறகுதான் வேடிக்கை. 1980 ஜூலையில் பந்தாய் கம்பெனி 144-இல் ஒரு பங்கு அளவுள்ள பிளாஸ்டிக் மாதிரியை 300 யென்னுக்கு விற்கத் தொடங்கியது. பையன்கள் வரிசையில் நின்றார்கள். அவர்கள் வாங்கியது கதாநாயகனின் எந்திரத்தை மட்டுமல்ல, ஒற்றைக் கண் ஸாக்குவையும்தான். குளோவர் 1983-இல் திவாலானது. 2009-இல் டோக்கியோவின் ஒதாய்பாவில் 18 மீட்டர் உயரத்துக்கே சிலை எழுந்தது. யோகோஹாமாவில் 2020 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை நின்றது கைகாலையே அசைத்தது.

போரை வெறுக்கிற பிரதி ஆயுதத்தின் அழகை விற்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஆனால் இரவு ஒன்றரை மணிக்கு ஐந்தாம் பகுதி முடிந்ததும் அடுத்ததைப் போட்டவன் நான்தான். பூமியின் காற்றுமண்டலத்துக்குள் கப்பல் இறங்கிக்கொண்டிருக்கும்போதே, நெருப்புக்கு நடுவில் நடக்கும் அந்தச் சண்டையைப் பார்க்கையில் உடம்பில் ஒரு முறுக்கேறியதை மறைக்க மாட்டேன். வெட்டு விழும்போது உள்ளே ஆள் இருக்கிறான் என்று முதல் பகுதியே எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. தெரிந்தும் ரசித்தேன். விமர்சகன் வெளியே நின்று பார்க்கிறான் என்பது பாவனை. நானும் வயிற்றுக்குள்தான் உட்கார்ந்திருந்தேன்.

பதின்மூன்றாம் பகுதியில் அமுரோ பூமியில் இருக்கும் தன் அம்மாவைத் தேடிப் போகிறான். சின்ன வயதில் பிரிந்தது. பழைய வீட்டில் அவன் பக்கத்துச் சிப்பாய்களே குடித்துக் கூத்தடித்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியே, பழம் விற்கிற ஒரு பெண்ணிடம் வம்பு செய்கிறார்கள். அம்மா ஒரு அகதி முகாமில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சந்தித்த கொஞ்ச நேரத்தில் ஜியோன் சிப்பாய்கள் சோதனைக்கு வருகிறார்கள். பையன் போர்வைக்குள் நோயாளி மாதிரிப் படுத்துக்கொள்கிறான். போர்வையை விலக்க வந்தவனைச் சுட்டுவிடுகிறான். இப்போது எதிரில் இரும்பு இல்லை, ஒரு உடம்பு இரத்தத்தோடு விழுகிறது. அம்மா அதிர்ந்துபோகிறாள். அந்த ஆளுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்குமே, இப்படி முரடனாகிவிட்டாயே என்கிறாள். இது போர் அம்மா என்கிறான். அவள் சொல்வது சரி. அவள் பேசிக்கொண்டிருக்கிற நேரத்தில் அவன் சுடாமல் இருந்திருந்தால் மாட்டியிருப்பான், அதுவும் சரி. தொடர் யாரையும் ஜெயிக்க விடவில்லை.

கப்பல் அவனுக்காகக் காத்திருக்கிறது. அம்மா கூப்பிடுகிறாள். அவன் விறைத்து நின்று, இத்தனை நாள் செய்ததற்கு நன்றி, நலமாக இருங்கள் என்று வெளியாளிடம் பேசுகிற மரியாதையோடு சொல்கிறான். பிறகு அவளுக்கு ஒரு சல்யூட் அடிக்கிறான். கப்பலில் அதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததாக நான் பார்த்த எந்தப் பகுதியிலும் இல்லை.